ஆமை தின்ற சுண்ணாம்பு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் பிரதான வீதியில் தேற்றாத்தீவைத் தாண்டினால் களுதாவளை. அதைத் தாண்டினால் களுவாஞ்சிகுடி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஊர் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாக நினைவிருக்கும். எனக்கு அது வெற்றிலை. வாப்பா களுதாவளைத் தோட்டங்களில் வெற்றிலை வாங்கிக் கல்முனைச் சந்தையில் விற்றவர். மருதமுனையிலிருந்து இருட்டோடு சைக்கிளில் புறப்பட்டு, ஸுப்ஹை வழியில் ஒரு பள்ளியில் தொழுதுகொண்டு, வெயில் ஏறுமுன் ஈரச் சாக்கில் சுற்றிய கட்டுகளோடு திரும்பி வருவார். பள்ளிக்கூட விடுமுறையில் சைக்கிள் பாரில் என்னையும் ஏற்றிக்கொள்வார்.

வாப்பா வழக்கமாக வாங்கிய தோட்டக்காரர் அப்போது முப்பது வயதை எட்டாதவர். வாப்பாவை அவர் 'காக்கா' என்பார். வாப்பா அவரைத் 'தம்பி' என்பார். எனக்கு அவர் வெற்றிலை மாமா. அவருக்கு நான் மருமகன். அவருடைய தாயைப் பெத்தாச்சி என்றுதான் நானும் கூப்பிட்டேன். உரலில் வெற்றிலை இடித்து, சுட்டுவிரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு வாயின் ஓரத்தில் வைத்துக்கொள்ளும் அந்த அம்மா, நான் போனால் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைப்பார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னைகள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டில் தறிக்கொட்டிலின் கூரை போனது. மிஞ்சியது சீமெந்துத் தரையும் அரைச் சுவரும்தான். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்கள் நிலத்தோடு நிலமாயின. கொடி படரக் கம்பு வேண்டும். கம்பு வெட்ட வெற்றிலை மாமா தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். அங்கே முறிந்து கிடந்த பற்றைகளுக்கு அடியில்தான் அந்த ஆமை அவருக்கு அகப்பட்டது.

நட்சத்திர ஆமை. ஒரு சாணுக்கு மேல் நீளம். கறுப்பு ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் விரிந்து போகும். குளத்து ஆமைகளை நான் கண்டிருக்கிறேன். பாலாமையும் தெரியும். இப்படி யாரோ உட்கார்ந்து வரைந்ததுபோல் ஒன்றைக் கண்டதில்லை. கம்புக் கட்டோடு அதையும் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார் மாமா. பெத்தாச்சி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாது. சூறாவளி வந்தது காணாதெண்டு இதையும் கொண்டு வந்தியா?"

அமீனா என்றால் கடன்காரன் வீட்டுச் சாமானைத் தூக்க வரும் கோட்டு ஆள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் இருந்த ஆமினாக்களையெல்லாம் நினைத்துக்கொண்டு எனக்குக் கோபம் வந்தது. வாப்பா சிரித்தார். "எங்களுக்குச் சகுனம் பாக்கிற இல்ல தம்பி. புள்ளைக்கிட்ட குடுங்க" என்றார். அப்படித்தான் 1979ஆம் ஆண்டு தையிலோ மாசியிலோ, வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே சாக்கில் உட்கார்ந்து அந்த ஆமை மருதமுனைக்கு வந்தது.

எங்கள் வீட்டில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. சகுனம் பார்ப்பதை நபிகள் நாயகம் தடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பழமொழிக்கு இங்கே வேலையில்லை. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் ஆமை உண்ணத் தகாதது. உண்ணத் தகாத ஒன்றை எதற்காக வீட்டில் வைத்திருப்பது என்று மூத்தம்மா கேட்டார். "பூனையையும் தின்கிறதில்லையே" என்றார் வாப்பா. அதற்கு மூத்தம்மாவிடம் பதில் இருக்கவில்லை. ஆமை வளவில் தங்கிவிட்டது.

மாரியின் ஈரம் வற்றாத அந்த மாதங்களில் அது நன்றாகத் திரிந்தது. அறுகம்புல், பொன்னாங்காணி, உதிர்ந்த முருங்கைப்பூ, செவ்வரத்தம்பூ எல்லாம் தின்றது. சிவப்பு நிறம் எதுவாக இருந்தாலும் கழுத்தை நீட்டும். நான் கடற்கரைப் பக்கம் போய் நாகதாளிப் பழம் பறித்து வருவேன். அதைக் கடித்தால் வாயெல்லாம் இரத்தம் குடித்ததுபோல் சிவந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பயந்து ஓடுவதில் எனக்கொரு பெருமை.

பங்குனி, சித்திரை போய் வைகாசி வந்தது. வெற்றிலை மாமா முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "கச்சான் காத்துத் துவங்கினா அது படுத்திரும் மருமகன். பத்தைக்குள்ள தலையை இழுத்துக்கிட்டுக் கிடக்கும். மழை விழத்தான் ஒழும்பும்." குளிர் நாடுகளில் ஆமைகள் பனிக்காலத்தில் உறங்குகின்றன. நமக்குப் பனிக்காலம் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசி, புல் கருகி, குளம் வெடிக்கும் மாதங்கள்தான் நம் ஆமைகளின் உறக்க காலம். பாலாமை வற்றும் குளத்தின் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். நட்சத்திர ஆமை அவ்வளவு ஆழமாக உறங்குவதில்லை. பற்றையின் நிழலில் ஒடுங்கிக் கிடந்து, விடியலிலும் பொழுதுபடும்போதும் கொஞ்சம் அசையும். ஒரு மழை பெய்தால் எழுந்து நடக்கும்.

அந்தக் கச்சானுக்கு முன்னால்தான் அது கண்டதையும் தின்னத் தொடங்கியது.

முதலில் கண்டது நான். குசினிக்குப் பின்னால் வீசியிருந்த கோழி எலும்பு ஒன்றை முன்னங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. பிறகு முட்டைக்கோது. பிறகு என் தாத்தா சிலேட்டு துடைக்கவென்று கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த கணவாய் ஓடு. கிணற்றடிச் சேறு, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை எதையும் விடவில்லை. புல்லைக் கடந்து போய் எலும்பைத் தேடியது. நோன்பு வரப்போகிறது, வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று பழைய சுண்ணாம்பைச் சுவரிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புச் செதிள்களை ஆமை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைவரை, கணக்கெடுப்பவரைப்போல் அது சுவரோரமாகவே போனது.

அந்தச் சுவரில் இன்னொருவருக்கும் பங்கு இருந்தது. உம்மா அப்போது என் தங்கையை வயிற்றில் சுமந்திருந்தார். பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவார். ஆள் இல்லாத நேரம் சுவரில் சுண்ணாம்பை நகத்தால் கிள்ளி நாக்கில் வைப்பார். மூத்தம்மா கண்டால் ஏசுவார், ஆனால் அந்த ஏச்சில் ஒரு சிரிப்பும் இருக்கும். "புள்ளத்தாச்சிர வாய். அது கேக்கிறத்தக் குடுக்கத்தான் வேணும்" என்பார். பக்கத்து வீட்டில் புளியங்காய் வாங்கிவர என்னை அனுப்புவார்.

ஆமைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. எலும்பையும் புழுக்கையையும் தின்ற வாயோடு அது குசினிக்குள் வந்து தண்ணீர்ச் சட்டியில் வாய் வைத்துவிட்டது. நஜீஸ் என்றார் மூத்தம்மா. உம்மாவுக்கும் அந்த நேரத்தில் எதைக் கண்டாலும் குமட்டல். வாப்பாவுக்கு வேறு விளக்கம் இருந்தது. "மழை வரும்வரைக்கும் படுக்கப்போகுதல்லவா, அதுக்குத்தான் இப்பவே சேத்து வச்சிக்கிது. கண்டதையும் திண்டா வயிறு கெட்டுச் செத்துரும். நல்ல சாப்பாடு குடுப்பம்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். இதை நான் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. அன்று எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் அக்கறையோடு நடந்தவை.

அடுத்த கிழமை களுதாவளைக்குப் போனபோது நான் பெத்தாச்சியிடம் இதைச் சொன்னேன். ஆமை எலும்பு தின்கிறது, சுண்ணாம்பு தின்கிறது என்றேன். பெத்தாச்சி உரலை இடிப்பதை நிறுத்தவில்லை.

"திண்டாத் திண்டுட்டுப் போகட்டுமே மகன். வாயில்லாச் சீவன் தேடித் திண்டா அதுக்குக் காரணம் இரிக்கும். மறிக்காதிங்க."

வாப்பா தலையாட்டினார். ஆனால் ஆமையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்ற மனுசி சொல்வது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

கூரை போன தறிக்கொட்டிலின் சீமெந்துத் தரையைச் சுற்றிக் கல் அடுக்கி, மேலே கிடுகு போட்டு, நல்ல நிழலாக ஒரு கூடு கட்டினார் வாப்பா. துப்புரவான இடம். மண் இல்லை, எலும்பு இல்லை, புழுக்கை இல்லை. நேரத்துக்கு நேரம் சாப்பாடு வைத்தோம். பாணை நனைத்து வைத்தோம். சோறு வைத்தோம். வாழைப்பழம் உரித்து வைத்தோம். முதல் சில நாள் தின்றது. பிறகு வாழைப்பழத்தில் மட்டும் வாய் வைத்தது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு கிழமை முழுதும் அது பின்னங்கால்களால் சீமெந்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. இரவில் அந்தச் சத்தம் கேட்கும். ஒரு மூலையில் பிறாண்டும், விட்டுவிட்டு இன்னொரு மூலைக்குப் போகும். தரை ஈரமாகக் கிடக்கும். காலையில் மூத்தம்மா சாம்பல் போட்டுக் கழுவிவிடுவார். நகங்கள் தேய்ந்து ஒரு காலில் இரத்தம் கசிந்திருந்தது. ஓடப் பார்க்கிறது என்று நினைத்து வாப்பா இன்னொரு வரிசைக் கல் அடுக்கினார்.

அந்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் நோன்பு பிறந்தது. ஆமை ஒரு மூலையில் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. கச்சானும் வீசிக்கொண்டிருந்தது. மாமா சொன்னதுபோலவே படுத்துவிட்டது என்று எங்களுக்கு நிம்மதி. "ஆமையும் நோம்பு புடிக்கிது" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். தட்டி எழுப்பக்கூடாது என்று காவலும் இருந்தேன். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தறிக்கொட்டில் பக்கம் எறும்பு சாரை போவதைக் கண்டேன். பிறகு வாடை வந்தது.

முருங்கை மரத்தடியில் வாப்பா குழி வெட்டினார். அவர் எதுவும் பேசவில்லை. பெருநாள் முடிந்து களுதாவளைக்குப் போனபோது வெற்றிலை மாமா முதல் கேள்வியாகக் கேட்டார்: "காக்கா, ஆமை எப்பிடி?"

"அது போயிட்டு தம்பி. வேலிக்குள்ளால பூந்து பத்தைக்குள்ள போயிட்டு" என்றார் வாப்பா.

நான் பக்கத்தில் நின்றேன். வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழி முழுக்க நாங்கள் இருவரும் பேசவில்லை. பெரியகல்லாற்றில் இறங்கி எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார். அது எதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஓதப்பள்ளியில் லெப்பை ஒருநாள் பூனையை அடைத்து வைத்த பெண்ணின் கதையைச் சொன்னார். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அவள் பூனைக்குத் தானும் உணவு கொடுக்கவில்லை, மண்ணில் ஊரும் பூச்சி புழுக்களைத் தின்ன அதை விட்டுவிடவுமில்லை. அதனால் தண்டிக்கப்பட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. நாங்கள்தான் உணவு கொடுத்தோமே. பாண், சோறு, வாழைப்பழம். பிறகு அந்த ஹதீஸின் இரண்டாவது பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஆலிம் அல்ல, சட்டம் சொல்ல வரவில்லை. ஆனால் விட்டுவிடுவதும் அதில் ஒரு வழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பிராணியின் ரிஸ்க்கு நாம் வைக்கும் தட்டில் மட்டும் இல்லை, நாம் முகம் சுளிக்கும் மண்ணிலும் புழுவிலும் இருக்கிறது. அடைத்து வைத்தவன் அதற்கும் பொறுப்பு.

1985இல் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு இடையில் நடந்ததும், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் நடந்ததும், அதற்கு முன்னும் பின்னும் தமிழ் ஊர்களில் நடந்ததும் நாம் எல்லோரும் அறிந்தவை. வாப்பா அந்த வீதியில் சைக்கிள் மிதிப்பதை விட்டார். வெற்றிலை லொறியில் வேறெங்கிருந்தோ வந்தது. உம்மா அதை மென்றுவிட்டு, "களுதாவளை வெத்திலைர காரம் இல்ல" என்று மட்டும் சொல்லுவார்.

2004 டிசம்பரில் கடல் வந்தது. மருதமுனையில் கரையோரத் தெருக்கள் இல்லாமல் போயின. அது நடந்து ஐந்தாறு நாளில், பாடசாலையில் தங்கியிருந்த எங்களைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஈரச் சாக்குத் துண்டில் சுற்றிய வெற்றிலை. களுதாவளைக் கரையிலும் அலை ஏறியிருந்தது. அதற்குள்தான் அவர் வந்திருந்தார். வாப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, எதையாவது பேச வேண்டுமே என்பதற்காகவோ என்னவோ, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ஆமை அண்டைக்கே பத்தைக்குள்ள போனது நல்லதாப் போச்சு மருமகன். இஞ்ச நிண்டிருந்தா கடல் கொண்டு போயிரிக்கும். அதுக்கு ஆயுசு கூட. எங்கயாவது கிடக்கும்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவ்வளவு பேர் போன நேரத்தில் அவர் உயிரோடு வைத்திருந்த ஒன்றைக் கொன்றுபோட எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. 2011இல் வாப்பா மௌத்தானார். அந்தப் பொய் என்னிடம் தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகிய காலத்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியாரின் நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரின் இயற்கை வரலாறு அது. 1789இல் வெளியானது. அவருடைய மாமி ஒருவர் நாற்பது ஆண்டுக்கு மேல் வளர்த்த ஆமையை, அந்த அம்மா இறந்தபின் 1780இல் தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குத் திமோத்தி என்று ஆண் பெயர். அது எப்போது மண்ணைத் தோண்டுகிறது, எப்போது எழும்புகிறது, எதைத் தின்கிறது, எவ்வளவு நிறை என்றெல்லாம் ஆண்டாண்டாகக் குறித்துவைத்தார். அதில் ஒரு குறிப்பு என்னை உலுப்பிவிட்டது. நடுக்கோடையில் அள்ளித் தின்னும் ஆமை, காலம் குளிரக் குளிர உணவைக் குறைத்துக்கொண்டு போகிறது. உறங்கப் போகும் முன் கடைசி ஆறு கிழமையில் அநேகமாக எதையும் தொடுவதில்லை.

காரணம் எளிது. ஆமைக்குத் தன் உடம்பில் சூடு இல்லை. வெளிச்சூட்டில்தான் அதன் குடல் வேலை செய்யும். குளிர் வந்தபின் வயிற்றில் உணவு கிடந்தால் செரிக்காது, அழுகும். ஆகவே குளிர்நாட்டு ஆமை குடலை வெறுமையாக்கிக்கொண்டுதான் படுக்கும். ஆமை வளர்க்கும் ஐரோப்பியர்கள் உறக்கத்துக்குச் சில கிழமைக்கு முன்பே உணவை நிறுத்துவதும் அதனால்தான். எங்கள் ஊர் உறக்கம் வேறு, வெயிலின் உறக்கம். ஆனாலும் படுக்கப் போகும் உயிர் பசியை அடக்குமே தவிர எலும்பைத் தேடிச் சுவரோரம் அலையாது. வாப்பா சொன்ன காரணம் தலைகீழானது. எங்கள் ஆமை வேறு எதற்கோ ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

அது எதற்கென்றும் மெல்ல மெல்லத் தெரியவந்தது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகள் சுண்ணாம்புச் சத்துள்ள மண்படையைத் தோண்டித் தின்பதை 1982இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். புல் தின்னும் ஆமைகள் எலும்பையும் நத்தை ஓட்டையும் கடிப்பது பல நாடுகளில் கண்டு எழுதப்பட்டது. 2020இல் சீஷெல்ஸ் நாட்டின் ஃப்ரிகேட் தீவில் ஒரு ராட்சதப் பெட்டை ஆமை கடற்பறவைக் குஞ்சொன்றை மெதுவாகத் துரத்திப் பிடித்துத் தின்றது படமாகவே பதிவானது. அடுத்த ஆண்டு அது ஆய்விதழிலும் வந்தது. ஓடு வளர்ப்பதற்கும், முட்டைக்குக் கோது போடுவதற்கும் சுண்ணாம்பு வேண்டும். புல்லில் போதாததை எலும்பில் தேடுகின்றன.

திமோத்தி செத்தபிறகுதான் அது பெட்டை என்று தெரிந்ததாம். அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை ஆண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்த மனிதருக்கே அது தெரியவில்லை. இதை வாசித்த இரவு எனக்கு உறக்கமில்லை. எங்கள் ஆமை ஆணா பெண்ணா என்று நாங்கள் கேட்டதேயில்லை.

போன வருடம் கச்சான் தொடங்கிய நேரம் களுதாவளைக்குப் போனேன். பெத்தாச்சி போய்ப் பல வருடம். வெற்றிலை மாமாவுக்கு எழுபது கடந்துவிட்டது. தோட்டத்தை மகன்மார் பார்க்கிறார்கள். அவர் திண்ணையில் இருந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தார். தேநீர் குடித்து முடித்ததும் சொன்னேன். ஆமை ஓடவில்லை, செத்துப்போனது, வாப்பா சொன்னது பொய், நானும் கூட இருந்தேன் என்றேன்.

அவர் கை நின்றது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோட்டக்காரர் நோய் விசாரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிப்பக்கம் தட்டையா இருந்ததா, குழியா?"

"தட்டை."

"வால்?"

"கட்டை வால்."

"சீமெந்தில வச்சிருந்தயள். பின்னங்காலால பிறாண்டினதா?"

"ஒரு கிழமை பிறாண்டினது. காலில் இரத்தமும் வந்தது. நிலம் ஈரமாக் கிடக்கும்."

அவர் மறுபடி இலையைக் கையில் எடுத்தார். "முட்டை மருமகன்" என்றார். "மூத்திரம் பெஞ்சு மண்ணை இளக்கித்தான் குழி தோண்டும். மண் இல்லாட்டி எங்க இடும்? முட்டை உள்ளுக்கு நிண்டிரிக்கும்."

பற்றைக்காட்டு வழியில் அது குழி தோண்டுவதை அவர் பிறகு ஒருமுறை கண்டிருக்கிறார். நாங்கள் கண்டதும் அதைத்தான். நாங்கள் கண்டது ஓடப் பார்க்கும் ஒரு பிராணியை. நஜீஸ் என்று கழுவியது அது குழி தோண்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த தண்ணீரை. உறக்கம் என்று காவல் இருந்தது அதன் சாவுக்கு.

"காக்கா என்னத்துக்குப் பொய் சொன்னவர்?" என்று கேட்டார்.

"வெட்கத்தில" என்றேன்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா ஏசியிருப்பன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு காலமும் அது எங்கயோ திரியுதெண்டுதான் நினைச்சிருந்தன்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பிறகு நாங்கள் வேறு கதை பேசினோம். விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் வந்துவிட்டது. பிற்காலத்தில் திருத்தங்களும் செய்தார்கள். இன்று நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அதன் ஓட்டழகுக்காகவே கடத்துகிறார்கள் என்பதால் 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் சர்வதேச வியாபாரத்துக்கு ஆகக் கடுமையான தடையைப் போட்டது. இதையெல்லாம் நான் சொன்னபோது மாமா, "சட்டம் நல்லதுதான்" என்றார். படுவான்கரை வயலுக்குப் போகும்போது எப்போதாவது ஒன்று வழியைக் கடக்குமாம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அது போகும்வரை நிற்பாராம். தூக்கி வழியின் அந்தப் பக்கம் வைப்பதுகூட இல்லை, அது போகிற இடம் அதுக்குத் தெரியும் என்றார்.

புறப்படும்போது உம்மாவுக்கென்று ஒரு கட்டு வெற்றிலை சுற்றித் தந்தார். உம்மாவுக்கு எண்பது ஆகிறது. பல் இல்லை, இடித்துத்தான் போடுகிறார். வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா இலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். முட்டை என்று நான் சொன்னதும் விரல் நின்றது.

"அண்டைக்கு நானும் அந்தச் செவத்துச் சுண்ணாம்பத்தானே மனே திண்டன்" என்றார். "நான் வயித்தில புள்ளையோட நிண்டு அது திங்கிறத்தப் பாத்துக்கிட்டு இருந்தன். எனக்காவது விளங்கியிருக்க வேணுமே."

வெற்றிலையை மடித்து உரலில் போட்டார். இடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.